பின்பக்கத்து ஸ்பீக்கர்

அக்காவுக்கு வீட்டுச் சத்தத்தை அனுப்பலாம் என்ற யோசனை என்னுடையதுதான். வேறு யார் தலையிலும் இதைக் கட்ட முடியாது. 2006ஆம் ஆண்டு, ஐப்பசி மழைக்காலம். அக்கா அழகம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. நான் தெஹியோவிட்ட கடைத்தெருவில் அஸீஸ் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் இருந்தேன். டெலிபோன், போட்டோ கொப்பி, ரேடியோ ரிப்பேர் எல்லாம் ஒரே கடைதான். கடைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. அந்த அறையில் என் கொம்பியூட்டர்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அப்போது என் வாயில் வேறு பேச்சே வராது. சாதாரணக் கொம்பியூட்டரில் ஒரு மைக்தான் சொருகலாம். நான் கொழும்பில் அலைந்து திரிந்து பழைய சவுண்ட் கார்ட் ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். அதில் நாலு மைக்கை ஒரே நேரத்தில் சொருகி, நாலையும் தனித்தனியாகப் பதியலாம். பிறகு எந்த மைக்கின் சத்தம் எந்த ஸ்பீக்கரில் வரவேண்டும் என்று பிரித்துவிடலாம். முன்னால் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, கட்டிலுக்குப் பின்னால் இரண்டு, மேசைக்கடியில் தும் தும் என்று அதிர ஒரு பெட்டி. கடைக்கு முன்னால்தான் பஸ் ஸ்டாண்ட். வயரை நீட்டி மைக்குகளை வைத்து, அவிசாவளை பஸ் கொண்டக்டர் கத்துவதைப் பதிந்து, அஸீஸ் நானாவை அறையின் நடுவில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். கொண்டக்டர் முன்னாலிருந்து கத்திக்கொண்டே பின்னால் போனான். நானா கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தார்.

"யார்ரா அது பின்னுக்கு?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பாடாய்ப் படுத்தினேன்.

தெஹியோவிட்டயிலிருந்து மூன்று மைல் மேலே எங்கள் ரப்பர் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பரா அக்கா வீடு. மச்சான் யோகராஜ் மரத்தில் பால் வெட்டுகிறவர். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பிரஷாந்தினிக்குப் பதினாலு வயது, சின்னவள் ஷாமிளாவுக்கு ஏழு. பிரஷாந்தினி கணக்கில் புலி. ஒன்பதாம் வகுப்பில் மாஸ்டரே அவளைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்லிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்வாராம். எங்கள் குடும்பத்தில் கணக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

அந்த ஐப்பசியில் அவள் வயதுக்கு வந்தாள். எங்கள் வழக்கப்படி பதினாறு நாள் தனியாக உட்கார வேண்டும், ஆண்கள் யாரும் முகம் பார்க்கக் கூடாது. அவளுக்குக் குடிசை கட்டிக் கொடுப்பது தாய்மாமன் வேலை. லயத்தில் குடிசை கட்ட இடம் ஏது? குசினியில் அடுப்புக்கு எதிர் மூலையில் தென்னோலை நாலைச் சாய்த்து, அக்காவின் பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிட்டு வந்தேன். பக்கத்துக் காம்பரா மீனாம்பாள் அக்கா அவளுக்குத் துணையாக இருந்தார். பெற்ற தாய் செய்ய வேண்டியதெல்லாம் அவர்தான் செய்தார்.

அதே வாரத்தில் இன்னொரு பேச்சும் வந்தது. தோட்டத்துக் கிளாக்கர் வீட்டம்மாவுக்குத் தெரிந்த ஒரு சிங்கள நோனா கொழும்பில் தன் வீட்டு வேலைக்குப் பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். மச்சான் தலையாட்டி வைத்திருந்தார். மச்சான் கெட்ட மனிதர் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

"நான் விடிய அஞ்சு மணிக்கு மலைக்குப் போயிருவேன் மாப்ள. பொம்பள இல்லாத வீட்டுல வயசுக்கு வந்த புள்ளய வச்சுக்கிட்டு என்னா செய்யச் சொல்றீங்க? அங்கன்னா ஒரு நோனா இருக்கு, பெரிய கேட்டு இருக்கு, வாச்சர் இருக்கான். பயமில்ல."

"படிப்பு மச்சான்?"

"கிளாக்கரம்மாவ வச்சு ஒங்கக்காவுக்குக் கடுதாசி எழுதிட்டேன். அவ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லட்டும், நான் அனுப்பல. அவ சொல்றதுதான் முடிவு."

தாய்மாமன் சொல்லுக்கு அந்தச் சமயத்தில் ஒரு மரியாதை உண்டு. பதினாறாம் நாள் சபையில் எனக்குத்தான் முதல் தாம்பூலம். நான் வேண்டாம் என்று நின்றிருந்தால் மச்சான் யோசித்திருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அக்காவின் முடிவுதானே என்று சொல்லிவிட்டு, மழைக்கு மைக் வயர் நனையாமல் இருக்க என்ன சுற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

குவைத்தில் அக்கா இருந்த தெருவிலேயே வேலை செய்த றுகையா என்ற பெண் லீவில் ஊருக்கு வந்திருந்தாள். சனிக்கிழமை திரும்பிப் போகிறாள். அக்கா கடைக்குப் போன் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் ஐந்து நிமிஷம். மகளின் சடங்குக்கு வர முடியாதவளுக்கு வீட்டையே ஒரு டிவிடியில் போட்டு அனுப்பினால் எப்படியிருக்கும்? படம் எடுக்க என்னிடம் கமெரா இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் வீட்டுக்குள் இருக்கிற மாதிரிக் கேட்குமே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொம்பியூட்டரைத் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு லயத்துக்குப் போனேன். முன் காம்பராவில் இடது பக்கம் ஒரு மைக், வலது பக்கம் ஒரு மைக். மூன்றாவதைக் குசினிக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமைக்குள் டிவிடி கைக்குப் போக வேண்டும், அவளோ எட்டாம் நாளில் இருக்கிறாள், முன்னால் வர முடியாது. அதற்கென்ன, இருக்கிற இடத்திலிருந்தே பேசட்டும். அக்கா வீட்டில் நின்றால் குசினி முதுகுப் பக்கம்தானே இருக்கும்? அவள் குரலைப் பின் ஸ்பீக்கரில் விடலாம். இதை நினைத்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

முதலில் முன் காம்பரா ஆட்கள் பேசினார்கள். ஷாமிளா பாட்டுப் பாடினாள், பாதியில் மறந்து சிரித்தாள். மச்சான் மைக்கைக் கண்டதும் துரைக்கு முன்னால் நிற்கிறவர் போல விறைத்துப்போய், "நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், நீயும் நல்லா இரு" என்றார். மீனாம்பாள் அக்கா சடங்குக்கு என்னென்ன பலகாரம் என்று பட்டியல் சொன்னார். பிறகு எல்லாரையும் வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, மூன்றாவது மைக்கைச் சேலைக்கு அடியால் உள்ளே தள்ளினேன்.

"மாமா, இதுல பேசுனா அம்மாவுக்கு மட்டுந்தான் கேக்குமா?"

"அம்மாவுக்கு மட்டுந்தான்."

"நீங்க கேப்பீங்களா?"

"சத்தியமா கேக்க மாட்டேன். ஹெட்போனக்கூடக் கழட்டி வச்சுட்டேன். நீ தைரியமாப் பேசு."

சேலைக்கு அந்தப் பக்கம் தென்னோலை சரசரத்தது. பிறகு, "சரி மாமா" என்றாள்.

லயத்துச் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது, ஒரு காம்பராவில் தும்மினால் நாலாவது காம்பராவில் கேட்கும். அதனால் மிக மெதுவாகப் பேசினாள். நான் முன் காம்பராவில் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷத்துக்குமேல் அது ஏறி இறங்கியது. இடையில் ஒரு தடவை அசையாமல் நின்றது. என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கேட்டால் நான் மச்சானிடம் வாய் திறக்க வேண்டிவரும் என்பதும் தெரியும். வாக்கைக் காப்பாற்றினேன் என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த வாக்கு எனக்கு வசதியாக இருந்தது.

அறைக்கு வந்து இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். முன் இரண்டு ஸ்பீக்கரிலும் வீட்டார். நடு ஸ்பீக்கருக்கு ஒன்றும் வைக்கவில்லை. கடைசி நாலு நிமிஷமும் முன் ஸ்பீக்கர்களில் ஆள் பேச்சு இல்லாமல் வெறுமையாக இருந்தது. அங்கே முன்பு நான் லயத்துத் தகரக் கூரையடியில் பதிந்து வைத்திருந்த மழையைப் போட்டேன். முன்னால் மழை பெய்யும், பின்னால் மகள் பேசுவாள். அவளுடைய பகுதியைச் சத்தம் வராமல் அடைத்து வைத்துக்கொண்டே வேலையை முடித்தேன். றுகையாவிடம் டிவிடியையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் கொடுத்தனுப்பினேன். அதில் 'அக்கா, அறைக்கு நடுவில் உட்கார்ந்து கேட்கவும்' என்று எழுதியிருந்தேன். எந்த அறை, எத்தனை ஸ்பீக்கர் என்று ஒரு வரி கேட்க எனக்குத் தோன்றவில்லை. உலகத்தில் எல்லார் வீட்டிலும் என் அறை இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

சடங்கு நல்லபடியாக நடந்தது. ஆறு வாரம் கழித்து அக்காவின் கடிதம் கடைக்கு வந்தது. நானே லயத்துக்குக் கொண்டுபோனேன். மச்சானுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதனால் பிரஷாந்தினி வாசித்தாள். சத்தமாக, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி நின்றுகொண்டு வாசித்தாள்.

அக்கா ஒன்றையும் விடவில்லை. ஷாமிளா பாட்டை மறந்து சிரித்ததை எழுதியிருந்தாள். மச்சானின் குரல் கட்டியிருக்கிறது, கொத்தமல்லி குடிக்கச் சொல்லு என்று எழுதியிருந்தாள். மீனாம்பாள் அக்காவின் பலகாரங்களில் முறுக்கு விட்டுப்போனதைக்கூடக் கண்டுபிடித்திருந்தாள். கடைசியில், 'பெரியவளுக்கு: நீ இப்ப பெரிய மனுஷி. அப்பா சொல்றதக் கேட்டு நட. அம்மா வாறப்ப தோடு கொண்டாறேன்' என்று இருந்தது.

பிரஷாந்தினி அந்த வரியை மறுபடி ஒரு தடவை, சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய வாசித்தாள். காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. கடிதத்தை மடித்து மச்சான் கையில் கொடுத்தாள்.

"அப்ப நான் எப்பப்பா போகணும்?"

மச்சானுக்கே கொஞ்சம் திக்கென்றது. அழுவாள், அடம்பிடிப்பாள் என்று நினைத்திருப்பார். தை பிறந்ததும் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா பதில் சொல்லிவிட்டாள், பிள்ளையும் ஒத்துக்கொண்டாள், நல்லதாய்ப் போயிற்று என்று ஒரு நிம்மதி எனக்குள் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

தையில் அவளை அவிசாவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் நான்தான். மச்சான் கூடப் போனார். அடுத்த மாதம் அக்கா போன் எடுத்தபோது, "அவளுக்கும் சம்மதமாமேடா?" என்று கேட்டாள். "ஆமாக்கா, வாயத் தொறக்கல" என்றேன். அஸீஸ் நானா போன் மேசையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

2008 கார்த்திகையில் அக்கா திரும்பி வந்தாள். தோட்டத்துக்குப் போகும் வழியில் என் அறைக்கு வந்து, நான் எல்லாரையும் உட்கார வைக்கிற அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தேத்தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாரையும் பேச விட்டியே, அவள மட்டும் ஏன்டா தம்பி பேச விடல? தீட்டுன்னா கொரலுக்குமா தீட்டு?"

"பேசினாளேக்கா. நாலு நிமிசம் பேசினா."

"எங்க பேசினா? கடைசில மழ மட்டுந்தான் பேஞ்சுச்சு. அங்க மழயே கெடயாது. அந்த மழயக் கேட்டுக் கேட்டுத்தான் நான் அழுதேன்."

எதில் போட்டுக் கேட்டாய் என்றேன். அந்த வீட்டுப் பிள்ளைகளின் அறையில் இருந்த டிவிடி பெட்டியில் என்றாள். அதன் பின்னால் எத்தனை வயர் என்றேன்.

"பின்னாடி வட்ட வட்டமா ஆறேழு ஓட்ட இருக்கும். செகப்பும் வெள்ளயும் மட்டும் டீவிக்குப் போகும். மத்ததெல்லாம் சும்மா கெடக்கும். தெனமும் தூசி தொடச்சது நாந்தானே, எனக்குத் தெரியாதா?"

சும்மா கிடந்த அந்த ஓட்டைகளில்தான் பிரஷாந்தினி பேசியிருக்கிறாள். பெட்டியை ஆறு வழியாகச் சத்தம் பிரிக்கும்படி வைத்துவிட்டு, இரண்டு வழிக்கு மட்டும் வயர் சொருகியிருக்கிறார்கள். முன்பக்கம் டீவிக்குப் போனது. பின்பக்கம் எங்கேயும் போகவில்லை. இந்த மாதிரிப் பெட்டி மாதத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு ரிப்பேருக்கு வரும், "பின் ஸ்பீக்கர் வேலை செய்யுதில்ல" என்று.

நான் ஒன்றும் விளக்கவில்லை. கொம்பியூட்டரைப் போட்டேன். பழைய பதிவு அப்படியே இருந்தது. மழையை நிறுத்திவிட்டு, பின்பக்கத்தை மட்டும் திறந்தேன். அக்கா கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து குரல் வந்ததும் சடாரென்று திரும்பினாள். கட்டிலுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"அம்மா, நாந்தான். நல்லா இருக்கீங்களா? அம்மா, அப்பா என்னயக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பப் போறாராம். எனக்குப் போக இஷ்டமில்லம்மா. நீங்க வேணாம்னு சொன்னா அப்பா கேப்பாரு, ஒரு வார்த்த போதும். நான் காலைல சோறாக்கி வச்சுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். ஷாமிளாவையும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அப்பா வாற வரைக்கும் மீனாம்பாள் பெரியம்மா வீட்டுல இருந்துக்குவோம், கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. கணக்குல எண்பத்தாறும்மா..."

பாடம் பாடமாக மார்க்கைச் சொல்லிக்கொண்டு போனவளின் பேச்சு இடையில் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. நான் பச்சைக் கோடு அசையாமல் நின்றதைப் பார்த்த இடம் அதுதான்.

"மாமாகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். மாமாவுக்கு மைக் வேல. நீங்க சீக்கிரமா பதில் சொல்லுங்கம்மா. நான் காத்துக்கிட்டு இருப்பேன்."

அக்கா அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா சொல்றதக் கேட்டு நடன்னு எழுதினேனே" என்று இரண்டு தடவை சொன்னாள். "நான்தானே எழுதினேன்." நான் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போய் ஆடை கட்டியது.

மறுநாள் காலையே இருவரும் கொழும்புக்குப் பஸ் ஏறினோம். கிளாக்கர் வீட்டம்மா கொடுத்த விலாசத்தில் பெரிய கேட். மணியை அமுக்கினோம். பதினாறு வயதில் ஒரு பெண் வந்து திறந்தாள், அக்காவைவிட ஓரங்குலம் உயரமாக. எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "நோனா, மகே அம்மா ஆவா" என்றாள். தன் அம்மா வந்ததை, வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்கிற அதே தொனியில், சிங்களத்தில் சொன்னாள்.

அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "கேக்கலடி தங்கம். அம்மாவுக்குக் கேக்கவே இல்ல. நேத்துத்தான்டி கேட்டேன். கேட்டிருந்தா அனுப்ப விட்டிருப்பேனா?"

பிரஷாந்தினி அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். என் தோள் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லம்மா. அழாதீங்க. ரோட்டுல ஆளுங்க பாக்குறாங்க."

"வா, வீட்டுக்குப் போவோம். பள்ளிக்கூடத்துல சேத்து விடுறேன்."

"எந்த வகுப்புலம்மா உக்காருறது? என்கூடப் படிச்ச புள்ளைங்க எல்லாம் இந்த மாசம் ஓ லெவல் பரீச்ச எழுதுதுங்க." சிரிக்கப் பார்த்தாள். "பொங்கலுக்கு லீவு கேட்டு வாறேன். நோனா நல்லவங்கதான்."

அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். வயர், ஓட்டை, ஸ்பீக்கர் என்று எதையோ உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கணக்குச் சொல்லிக்கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்கிற பிள்ளை, இதையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குக் கேக்கல, சரி. நீங்களும் கேக்கலயா மாமா?"

"சத்தியம் பண்ணினேனே பிள்ள. கேக்க மாட்டேன்னு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"அம்மா எங்கயோ கடல் தாண்டி இருந்தாங்க மாமா. நீங்க சேலைக்கு அந்தப் பக்கந்தான் இருந்தீங்க. கேக்க மாட்டேன்னு சொன்னாலும் எப்படியும் கேப்பீங்கன்னு நெனச்சுத்தான் நான் அவ்வளவும் பேசினேன்."

உள்ளேயிருந்து நோனா அவளைக் கூப்பிட்டார். "எனவா நோனா" என்று, வருவதாகக் குரல் கொடுத்தாள். அம்மாவின் கையைக் கம்பியிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, கேட்டைச் சாத்தினாள்.